நாலு சுற்று ஏறிய போல்ட்

"இன்னா வேணும்ணா?"

அவள் கேட்டது அவ்வளவுதான். அதற்கு அந்த ஆள் ஒரு பார்வை பார்த்தான் பாருங்கள்... காதில் எறும்பு புகுந்தவன் மாதிரி!

ஐப்பசி மழை திண்டிவனம் செஞ்சி ரோட்டை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்த சனிக்கிழமை மதியம். குடை இல்லாதவர்கள் எல்லாம் கடை கடையாக ஒதுங்கி நின்றார்கள். இவன் ஒதுங்க வந்தவனாகத் தெரியவில்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நேரே உள்ளே வந்தான். சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, துருவேறிய ஒரு போல்ட்டை மேசைக் கண்ணாடி மேல் வைத்தான். ஆள்தான் தொப்பலாக நனைந்திருந்தான். போல்ட் நனையவே இல்லை.

அது மலர்விழிக்குப் பிடித்திருந்தது. அவளைக் கேட்டால் இல்லை என்பாள். நான் சொல்கிறேன், பிடித்திருந்தது.

"நான் உங்களுக்கு அண்ணாவா?" என்றான்.

"கடைக்கு வர்ற எல்லாரும் அண்ணாதான். எழுபது வயசு தாத்தா வந்தாக்கூட அண்ணாதான். இன்னா வேணும், சொல்லுங்க."

"இதே மாதிரி ஆறு போல்ட்டு. ஜல்தி குடுங்க, விழுப்புரம் பஸ்ஸ புடிக்கணும்."

ஜல்தியாமே! மலர்விழியின் கடையில் அது நடக்காது. அண்ணன் ரஞ்சித் குவைத்துக்குப் போனதிலிருந்து கடையை அவளும் அண்ணி அன்புச்செல்வியும்தான் பார்த்துக்கொள்கிறார்கள். அண்ணி கல்லாவில். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்த மலர்விழி சரக்குப் பக்கம். சுவரோரம் நீளமாக ஒரு பலகை மாட்டி, அதில் எழுபது வகை நட்டுகளை வரிசையாகப் பதித்து வைத்திருக்கிறாள். யார் என்ன போல்ட் கொண்டுவந்தாலும் முதலில் அந்தப் பலகையில் ஏற்றிப் பார்க்கவேண்டும். எந்த நட்டில் கடைசிவரை சுளுவாக இறங்குகிறதோ அதுதான் அதன் மரை, அதாவது திருகு வரியின் அளவு. பலகையில் பார்க்காமல் இந்தக் கடையிலிருந்து ஒரு போல்ட் வெளியே போகாது. இது அவளே போட்ட சட்டம்.

இதையும் ஏற்றினாள். இன்ச் வரிசையில் ஒரு நட்டில் வழுக்கிக்கொண்டு போனது... ஒன்று, இரண்டு, மூன்று, நாலு சுற்று. அங்கேயே பிடித்துக்கொண்டது. மேலே போகவில்லை. கழற்றினாள். எம்.எம். வரிசையில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். மூலையில் தூசி படிந்திருந்த ஒரு நட்டு அதை அடிவரை வாங்கிக்கொண்டது.

"ஆங்... மாட்டிக்கிச்சு! இது கிரீஸ் நிப்பிள் மரை."

"இன்னாது?"

"வண்டிக்குக் கிரீஸ் அடிக்கிறோமே, அந்த நிப்பிளு. அதோட மரை. எட்டு எம்.எம்., ரொம்ப நெருக்கமான மரை. இதுல போல்ட்டு யாரும் போடறதில்ல, தேடித்தான் புடிக்கணும். ரெண்டு நாள் டைம் குடுங்க."

அவன் சிரித்தான். சும்மா இல்லை... கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி வாய்விட்டுச் சிரித்தான்.

"ஏங்க, இது நாப்பத்தேழு மாடல் மோரிஸ் காரு. வெள்ளைக்காரன் வண்டி. இதோ இந்தத் தலையில இன்ச்சு ஸ்பானருதான் உக்காருது. தலை இன்ச்சு, உடம்பு மட்டும் எம்.எம்.மா? தண்ணிப் பம்பு போல்ட்டுக்குக் கிரீஸ் நிப்பிள் மரையாம்! விழுப்புரத்துல போய்ச் சொன்னா ஊரே சிரிக்கும்."

மழைக்கு ஒதுங்கியிருந்த இரண்டு பேர் இப்போதே சிரித்தார்கள். மலர்விழிக்குக் காது மடல் வரை சூடேறியது. இதில் கொடுமை என்னவென்றால், சிரிக்கும்போது அந்தப் பாவிக்கு இடது கன்னத்தில் குழி விழுந்தது. மழைத்துளி தங்கிய இமைகளுக்குக் கீழே கறுகறுவென்று இரண்டு கண்கள்... ஒருத்தியை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துகிறவனுக்குக் கடவுள் இப்படிக் கண்ணைக் கொடுத்திருக்க வேண்டாம்.

அவள் இன்ச் டப்பாவைத் திறந்து ஆறு போல்ட்டை எண்ணி எடுத்து, பொட்டலம் கட்டி, டக்கென்று வைத்தாள்.

"இன்ச்சுதானே கேட்டீங்க? எடுத்துக்கினு போங்க."

பில்லில் பெயரும் போன் நம்பரும் எழுதிக்கொடுத்தான். தென்னரசு, மாம்பழப்பட்டு ரோடு, விழுப்புரம். வாசல்வரை போனவன் திரும்பினான்.

"வர்றேன்... தங்கச்சி!"

அண்ணி கல்லாவில் குப்புறக் கவிழ்ந்து சிரித்தாள். மலர்விழிக்கு வந்த ஆத்திரத்தில் இன்ச் டப்பாவை அவன் பின்னாலேயே எறிந்திருப்பாள். ஆறு டஜன் போல்ட்டை யார் பொறுக்குவது என்றுதான் விட்டுவிட்டாள்.

ஆத்திரம் எவ்வளவு நேரம் தாங்கும்? ஞாயிறு மதியமே ஆறிவிட்டது. ஆறிய இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்து குடைந்தது.

"இன்னாடி, களிய பிசைஞ்சிக்கினே கீற? வாயில வைக்கலியே?" என்றாள் அண்ணி.

"அண்ணி... நேத்து அந்த போல்ட்டு... அது சேராதுன்னு எனக்குத் தெரியும். நாலு சுத்து ஏறும், அப்புறம் இறுகிக்கும். பலகையில பாத்தேன். தெரிஞ்சேதான் குடுத்தேன்."

அண்ணி தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "நீயா? ஒரு வாசர் மாறிப்போச்சுன்னு மரக்காணம் வரைக்கும் பஸ் ஏறிப் போயி மாத்திக்குடுத்தவ, நீயா?"

"அவரு சிரிச்சாரு அண்ணி!"

"அவரா? நேத்து வரைக்கும் அண்ணாவா இருந்தாரே... எப்ப அவரு ஆனாரு?"

மலர்விழி தட்டோடு எழுந்து போய்விட்டாள். பில் புத்தகத்தில் நம்பர் இருந்தது. மூன்று தரம் அழுத்தினாள், மூன்று தரமும் மணி அடிக்கும் முன்பே துண்டித்தாள். நான் ஏன் கூப்பிட வேண்டும்... சிரித்தது அவன்தானே? சரி, சிரித்தான். அதற்கு இஞ்சினா பலி? கையால் ஏறவில்லை என்றால் நிறுத்திவிடுவான், மெக்கானிக்தானே... நிறுத்தாமல் ஸ்பானர் போட்டுவிட்டால்? ராத்திரி முழுக்க இப்படியே புரண்டாள். திங்கட்கிழமை காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாகக் கூப்பிட்டாள்.

"ஹலோ... திண்டிவனம் போல்ட்டு கடையிலேருந்து பேசறேங்க."

அந்தப் பக்கம் தகரத்தில் மழை விழுகிற சத்தம்தான் கேட்டது. பிறகு அவன் குரல், சிரிப்பு அத்தனையும் வடிந்துபோய்.

"மரை போயிடுச்சுங்க."

"எதுல... போல்ட்டுலயா?"

"போல்ட்டா இருந்தா தூக்கிப் போட்டுட்டுப் போலாமே. இன்ஜின் உடம்புல."

வைத்துவிட்டான். போல்ட் கெட்டால் இன்னொரு போல்ட். எழுபத்தைந்து வருடத்துக்கு மேலான இஞ்சின் கெட்டால் இன்னொன்றுக்கு அவன் எங்கே போவான்? "அண்ணி, கடைய பாத்துக்கோங்க" என்றவள், செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் விழுப்புரம் பஸ்ஸில் ஏறினாள். விக்கிரவாண்டியிலும் முண்டியம்பாக்கத்திலும் பஸ் நின்ற ஒவ்வொரு நிமிஷமும் டிரைவரை மனசுக்குள் திட்டினாள்.

மாம்பழப்பட்டு ரோட்டில் தகரக் கூரை போட்ட புது ஷெட். உள்ளே கரும்பச்சை நிறத்தில் அந்தக் கார், பானெட்டைத் திறந்துகொண்டு, பல் டாக்டரிடம் வந்த ஆள் மாதிரி நின்றது. பக்கத்தில் ஒரு பெரியவர் குடையைத் தரையில் குத்திக் குத்திச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ஓமந்தூர் விருத்தாசலம். காருக்குச் சொந்தக்காரர்.

"வியாழக்கிழமை என் பொண்ணு இந்த வண்டியிலதான் கல்யாண மண்டபத்துக்குப் போவான்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். புதன்கிழமை காலையில லாரி வரும். வண்டி ஓடலைன்னா ஏத்திக்கினு மெட்ராஸ் போயிடுவேன். அங்க ஒரே நாள்ல பண்ணித் தரேன்றாங்க. அப்புறம் நீ, உன் ஷெட்டு..."

தென்னரசு தலை குனிந்து நின்றான். அவன் ஷெட் போட்டு நாலு மாதம்தான் ஆகிறது. 'இது இரும்புக் கடைக்குப் போற வண்டி' என்று முன்பு அவன் வேலை பார்த்த ஷெட்டின் முதலாளி சொன்னபோது, 'நான் ஓட்டிக் காட்றேன்' என்று வீம்பாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தவன். அந்தக் கார் லாரி மேலே ஏறி விழுப்புரம் கடைத்தெரு வழியாகப் போனால், நாளைக்கு அவனிடம் சைக்கிளுக்குக்கூடக் காற்றடிக்க எவன் வருவான்?

மலர்விழி வாசலிலேயே நின்றாள். திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. போகவில்லை.

"சார்... தப்பு என்னுது," என்றாள். இருவரும் திரும்பினார்கள். "அந்த போல்ட்டு சேராதுன்னு எனக்குத் தெரியும். கோவத்துல தெரிஞ்சேதான் குடுத்தேன். இவர ஒன்னும் சொல்லாதீங்க."

விருத்தாசலம் குடையை அவள் பக்கம் நீட்டினார். "நல்ல கடை வச்சிருக்கம்மா நீ!" என்று ஆரம்பித்தவர், திண்டிவனத்தையே ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் ஓய்ந்தார்.

அவள் அதை வாங்கிக்கொண்டாள். அவள் பார்த்ததெல்லாம் தென்னரசுவைத்தான். திட்டுவான் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் தேவலையே! அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்... மூடிக்கொண்டான். முகம் கறுத்து, பார்வையை இஞ்சின் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"நீங்க கெளம்புங்க," என்றான்.

பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அழுதுகொண்டே நடந்தாள். மழையில் அழுவதில் ஒரு வசதி, யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். திண்டிவனம் பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஏறுவதற்குக் காலை வைத்தவள், முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நின்ற திருவெண்ணெய்நல்லூர் பஸ்ஸில் போய் ஏறினாள். அவன் பேசினால் என்ன, பேசாவிட்டால் என்ன... அந்த வண்டி லாரியில் ஏறக்கூடாது.

திருவெண்ணெய்நல்லூரில் நெல் அறுக்கும் மிஷின்களுக்கு ரிப்பேர் பார்க்கிறவர் தமிழ்மணி. மாதாமாதம் அவள் கடையில் டஜன் கணக்கில் கிரீஸ் நிப்பிள் வாங்குகிறவர். அந்த நிப்பிள் உட்காரும் ஓட்டைக்குள் மரை வெட்ட ஒரு கருவி, கம்பி மேலே மரை வெட்ட இன்னொரு கருவி, இரண்டும் அவரிடம் இருந்தன. "நீயே கேக்கறன்னா ஏதோ பெரிய சங்கதிதான்" என்று துணியில் சுற்றிக் கொடுத்தார். அன்று சாயங்காலம் கடைக்குத் திரும்பியதும், தலைப்பக்கம் வழவழவென்று நீளமாக இருக்கிற எட்டு எம்.எம். போல்ட்டுகளை அலமாரி அலமாரியாகத் தேடி எடுத்தாள். அந்த வழவழப்பில்தானே புது மரை வெட்ட முடியும்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் ஷெட் வாசலில் நின்றாள். தென்னரசு இரண்டு நாள் தாடியோடு இஞ்சினையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எங்கூட பேச வேணாம். வேலைய மட்டும் பாக்கலாம்," என்று துணியை விரித்தாள்.

அவன் கருவிகளைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அந்தக் கறுத்த கண்களில் என்ன இருந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை. கோபம் மாதிரியும் இல்லை... வலிக்கிறவன் கண் மாதிரி இருந்தது.

வேலை தொடங்கியது. கெட்டுப்போன ஓட்டையைப் பெரிதாக்கி, அதற்குள் பித்தளைக் குழலை இறக்கி, அதில் புது மரை வெட்டி, ஆறு போல்ட்டுக்கும் அதே மரையை வெட்டவேண்டும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. அவசரப்பட்டால் கருவி உள்ளேயே ஒடிந்துவிடும்.

"எண்ணெய்."

"இந்தாங்க."

"லைட்ட... கொஞ்சம் கிட்ட."

"போதுமா?"

"ம்."

இவ்வளவுதான் பேச்சு. ஆனால் அவ்வளவு கிட்டத்தில் குனிந்திருந்தால் மூச்சுக்கூடக் கேட்குமே! ஒரு தரம் எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கும்போது அவன் விரல் அவள் விரல் மேல் பட்டது. எடுக்க வேண்டியவன் ஒரு நொடி எடுக்கவில்லை. லைட் ஆடியது. "ஆடாம புடிங்க" என்றான், கண்ணை ஓட்டையிலிருந்து எடுக்காமல்.

மத்தியானம் மூன்று மணிக்கு ஆறாவது போல்ட்டை விரலாலேயே திருகினான். அடிவரை போய் உட்கார்ந்தது. தண்ணீர் ஊற்றினார்கள். முன்பக்கம் கைப்பிடியைச் செருகி ஒரு சுற்று சுற்றினான். இருமியது. இன்னொரு சுற்று. புகை கக்கியது. மூன்றாவது சுற்றில்... அடடா, அந்தக் கிழட்டு இஞ்சின் பிடித்துக்கொண்டு ஓடியது பாருங்கள், தகரக் கூரையே அதிர்ந்தது! பம்பில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. மலர்விழி குழந்தை மாதிரிக் கை தட்டினாள். தட்டிய பிறகுதான் அவன் சிரிக்கவில்லை என்பது தெரிந்தது. அப்படியானால் அவன் இன்னும் மன்னிக்கவில்லை. அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அதற்குள் சத்தம் கேட்டு விருத்தாசலம் குடையோடு வந்துவிட்டார். எதிர் டீக்கடையிலிருந்து நாலைந்து பேர் வேறு.

"அட! ஓடுதேடா! கெட்டிக்காரன்தான்யா நீ!" என்று அவன் முதுகில் தட்டினார். பார்வை அவள் மேல் விழுந்தது. "இந்தப் பொண்ணு அன்னிக்கே ஒழுங்கான போல்ட்டு குடுத்திருந்தா இத்தினி பேஜாரு உண்டா? ஊர்ல நாலு பேருக்குச் சொல்லணும், அந்தக் கடைப் பக்கம் தலை வச்சுப் படுக்காதீங்கன்னு."

மலர்விழி தலையைக் குனிந்துகொண்டாள். சொல்லட்டும், செய்ததுதானே...

"இல்லீங்க."

தென்னரசுதான். இஞ்சினை நிறுத்தினான். திடீரென்று ஷெட்டே அமைதியானது.

"இவங்க அன்னிக்கே கரெக்டா சொன்னாங்க. இந்த வண்டிக்குத் தலை இன்ச்சு, மரை எம்.எம்.தான். நான்தான் நாலு பேரு முன்னாடி சிரிச்சேன். அந்த போல்ட்டு நாலு சுத்து ஏறி நின்னுச்சு. அப்பவே எனக்குத் தெரிஞ்சி போச்சு, இவங்க சொன்னதுதான் சரின்னு. அங்கியே கழட்டியிருந்தா ஒன்னும் ஆயிருக்காது." கையைத் துணியில் துடைத்தான். "கழட்டல. திரும்பப் போயி, தோத்துட்டேன்னு சொல்ல மனசு வரல. ஸ்பானர போட்டு இறுக்கினேன். உங்க இன்ஜின கெடுத்தது நான்தான். நேத்து இவங்க பழிய ஏத்துக்கினப்போ வாய மூடிக்கினு நின்னேன்... அது அதவிடக் கேவலம்."

டீக்கடைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இது சாயங்காலத்துக்குள் விழுப்புரம் பூராவும் போய்விடும். அவனுக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னான்.

விருத்தாசலம் குடையை ஊன்றிக்கொண்டு காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். லாரி வரத்தான் போகிறது என்று மலர்விழி நினைத்தாள்.

"பிரேக்கு?" என்றார் கடைசியில்.

"சார்?"

"பிரேக்கையாவது ஒழுங்கா பாத்தியா, அதுலயும் வீம்பா? என் பொண்ணு உக்காரப் போறா."

"பாத்தாச்சு சார். வாங்க, ஓட்டிப் பாருங்க."

பெரியவர் தானே ஏறி உட்கார்ந்து, டீக்கடைக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு, ஹாரனை அமுக்கிக்கொண்டே ரோட்டில் போனார். லாரிக்காரனுக்குப் போன் போட்டு வேண்டாம் என்று அவர் கத்தியது தெருமுனைவரை கேட்டது.

ஷெட்டில் இரண்டு பேர் மட்டும். வெளியே தூறல்.

"எதுக்குச் சொன்னீங்க?" மலர்விழி பையைக் கீழே வைத்தாள். "நேத்து நான் எப்படி அழுதுக்கினே போனேன் தெரியுமா? எல்லாம் என்னாலதான்னு..."

"தெரியும். அதான் ராத்திரி பூரா செத்துக்கினு இருந்தேன்."

"இன்னிக்கு வண்டி ஓடிடுச்சில்ல? வாய மூடிக்கினே இருந்திருக்கலாமே?"

"இருந்திருக்கலாம். உங்கள யாரோ ஒரு ஆளா நெனச்சிருந்தா இருந்திருப்பேன்." நிமிர்ந்து பார்த்தான். "சனிக்கிழமை பஸ்ல போறப்பவே ஆசையா இருந்துச்சு, எப்படா மறுபடி அந்தக் கடைக்குப் போவோம்னு. ஆனா தோத்துப்போயி உங்க முன்னாடி நிக்கறதுக்கு வெக்கம். அதான் அந்த ஸ்பானரு... எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்குங்க. நீங்க திட்டிட்டுப் போனாலும் சரி. இத மட்டும் மறைச்சி வைக்க முடியல."

அவள் திட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தி அவனிடம் நீட்டினாள்.

"எங்க அண்ணி. இப்ப எங்கிட்ட சொன்னத அவங்ககிட்டயும் சொல்லுங்க பாப்போம்."

அவனுக்கு வியர்த்தது. ஆனால் வாங்கிக்கொண்டான்.

"அக்கா... வணக்கங்க. விழுப்புரம் தென்னரசு பேசறேன். சனிக்கிழமை உங்க கடையில சத்தமா சிரிச்சனே, அந்த ஆளு. உங்க நாத்தனார எனக்குப் பிடிச்சிருக்குங்க. வீட்டுல வந்து பேசறதுன்னா யாருகிட்ட பேசணும்?"

அந்தப் பக்கம் அண்ணியின் குரல், ஷெட் முழுக்கக் கேட்கிற மாதிரி: "அதெல்லாம் அப்புறம். மொதல்ல அவ இன்னா சொல்றா?"

தென்னரசு போனை மெதுவாக மலர்விழியின் பக்கம் நீட்டினான். அவள் அதைக் கையில் வாங்கவில்லை. அவன் கையில் இருக்கும்போதே கொஞ்சம் குனிந்து, அவன் முகத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எனக்கும் பிடிச்சிருக்கு அண்ணி."